ஆபீசருக்கு ஒரு சொட்டு

இடது கையால் தலையைக் கால் அங்குலம் சாய்த்து, காது மடலைக் கட்டை விரலால் மடக்கி, "ஆடாதீங்க" என்கிறார். நாற்காலியில் இருப்பவர் ஆடியே இருக்க மாட்டார். சிலர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருப்பார்கள். இருந்தாலும் சொல்வார். பெரியவர்களுக்கு "ஆடாதீங்க." சின்னப் பிள்ளைகளுக்கு "ஆடாதே கண்ணு." காற்றில் அசையும் துண்டுக்கு "ஏய், ஆடாதே." இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருவுக்கு அவர் ஆடாதே அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சலூன் லைசென்ஸில் இருக்கிறது. லைசென்ஸின் மேல் காலண்டர் தொங்குகிறது.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தால் முடிவெட்டி முடிவதற்குள் நாலு விரல் கீழே இறங்கிவிடும். உயரமான ஆட்களை அதில் உட்கார வைப்பார். மற்றொன்று சிவப்பு ரெக்சின் போட்டது, நம்பிக்கையானது. சுவரோரம் நாலு பேர் உட்காரும் பெஞ்சு. வருகிறவர் வாசல் பக்க நுனியில் உட்கார வேண்டும். ஒவ்வொரு தலை முடிந்ததும் ஓர் இடம் உள்ளே நகர வேண்டும். கடைக்கென்று இருக்கும் ஒரே சட்டம் இந்த வரிசைதான். ஒரு முறை பேங்க் மேனேஜர் அவசரமாக உள்ளே நுழைந்து நேராக நாற்காலிக்குப் போனார். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லி, அவரை இஸ்திரிக்காரருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார் அண்ணன்.

தலை முடிந்ததும் கைக்கண்ணாடியைப் பின்னந்தலைக்குப் பிடிப்பார், முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். உட்கார்ந்திருப்பவர் தலையசைத்தால்தான் துணியை அவிழ்ப்பார். வெறும் ஷேவிங்குக்கு வந்தவருக்கும் இது உண்டு. அப்புறம் துண்டால் நாற்காலியை ஒரு தட்டு. "அடுத்து."

ஒரே ஒருவருக்கு மட்டும் மூன்று தட்டு. அவர் சம்பந்தி. அண்ணனின் ஒரே மகளை மருமகளாக எடுத்துக்கொண்டவர், பக்கத்து ஊரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். கல்யாணத்தன்று தனக்குக் கை இல்லாத நாற்காலியைப் போட்டார்கள் என்று எட்டு மாதம் இந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தவர். அந்த எட்டு மாதமும் மகள் போனில் சிரித்துப் பேசியதும், சிரிப்பு முடிவதற்குள் போனை வைத்துவிட்டதும் ஒரு தகப்பனின் நெஞ்சில் முள்ளாகவே நின்றுவிட்டன. அதனால் சம்பந்திக்கு வரிசை கிடையாது. அவர் வந்தால் பெஞ்சே எழுந்து நிற்கும்.

ஆபீசர் வேறு வகை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழையில் நனைந்து வந்து, மற்றவர்களைப் போலவே வாசல் பக்க நுனியில் உட்கார்ந்த நாய். ஓர் ஆள் எழுந்தால் ஓர் இடம் உள்ளே நகர்ந்தது. கடைசியில் நாற்காலிக்குப் பக்கத்து இடம் வந்ததும் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வீட்டையும் கடையையும் பிரிக்கும் திரையை விலக்கிப் பார்த்த அண்ணனின் மனைவி, "வேலையும் கிடையாது, சீட்டையும் விடறதில்ல. ஆபீசர் மாதிரில்ல இருக்கு" என்றாள். பெயர் நின்றுவிட்டது.

போன மாதம் எதிர்வீட்டுப் பூனை ஆபீசரின் வலது கண்ணில் கீறிவிட்டது. எருமைக்கு ஊசி போட்டே தோள் அகன்றுபோன மாட்டு டாக்டரம்மா, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கருவிழியில புண்ணு. நாலு வேளை சொட்டு மருந்து, பத்து நாள். விடாம போட்டா கண்ணு தப்பிக்கும்."

"விட்டா?"

"விட்டா கண்ணை எடுத்துட்டுத் தைக்கணும். நாய் அடங்குமா?"

"டாக்டரம்மா, தலையைப் பிடிக்கறது என் தொழில்" என்றார் அண்ணன், கொஞ்சம் கர்வமாகவே.

அதுதான் அவர் செய்த தப்பு. மனிதத் தலையைப் பிடிக்கிற பிடியை நாய்த் தலையில் போட்டார். கட்டை விரல் காதுக்குக் கீழே, சுண்டு விரல் தாடைக்கு அடியில், "ஆடாதே கண்ணு." ஆபீசர் ஆடவில்லை. உருவிக்கொண்டு போய்விட்டது. முதல் சொட்டு காலண்டரில் விழுந்தது. இரண்டாவது அண்ணனின் கண்ணிலேயே. மூன்றாவது, பிடித்துக்கொள்ள வந்த மனைவியின் காதில். குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தால் குழந்தைகள் திகைத்து நிற்கும் என்று பாட்டிலை எடுத்து ஒரு பீச்சு பீச்சினார். ஆபீசர் அந்த இறங்கும் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே உட்கார்ந்திருந்த உயரமான வாத்தியார் இறங்க இறங்க உள்ளே உறுமல் ஏறியது. வாத்தியார் பாதி கிராப்போடு வீட்டுக்குப் போனார்.

"ஊர்ல இருக்கற தலையெல்லாம் உங்க கையில நிக்குது. வீட்ல இருக்கற ஒரு தலை நிக்கல" என்றாள் மனைவி, காதைத் துடைத்துக்கொண்டே.

"நீ இருக்கறப்ப எந்தத் தலை நிக்கும்?"

"என்னைச் சொல்லுங்க. அது கண்ணை மட்டும் போக விட்டுராதீங்க."

சொன்னவள் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். அன்று அந்த வீட்டில் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீசர் மட்டும் மூன்று பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டது.

வழி திறந்தது பழைய எதிரியால். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவர் காக்கி உடுத்திய காலத்தில் ஆபீசர் அவரை அந்தத் தெருவில் துரத்தாத நாள் கிடையாது. அவருக்கு இப்போது கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கை நடுக்கம் வேறு. மூன்றாம் நாள் காலையில் குப்பியோடு வந்து நின்றார்.

"தம்பி, நானே விட்டா மூக்குல விழுது. உனக்குத்தான் நிதானமான கை."

அண்ணன் அவரைச் சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்து, பழக்க தோஷத்தில் கழுத்துக்குத் துணி கட்டி, தலையைச் சாய்த்து, "ஆடாதீங்க" என்று ஒரு சொட்டு விட்டார். அதே பழக்க தோஷத்தில் கண்ணாடியும் பிடித்தார். தபால்காரர் ஒன்றும் தெரியாமலே தலையசைத்தார். துண்டால் ஒரு தட்டு. "அடுத்து."

பெஞ்சில் முதல் இடத்திலிருந்து ஆபீசர் எழுந்தது. சோம்பல் முறித்தது. நடந்து வந்து நாற்காலியில் ஏறி, முன்னே பார்த்து உட்கார்ந்தது.

அண்ணன் துணி கட்டினார், தாடையைத் தூக்கினார். "ஆடாதீங்க." தன் வாழ்நாளில் ஒரு நாய்க்கு அவர் முதல் முறையாக மரியாதை கொடுத்தது அப்போதுதான். சொட்டு சரியாகக் கண்ணில் விழுந்தது. துணியை அவிழ்த்தார். ஆபீசர் இறங்கவில்லை. "ஆச்சு, இறங்குப்பா." அசையவில்லை. தபால்காரர்தான் கண்டுபிடித்தார்: "தம்பி, கண்ணாடி காட்டு." காட்டியதும் இறங்கிப் போனது. அன்றிலிருந்து நாலு வேளையும் முதலில் தபால்காரருக்கு ஒரு சொட்டு, அடுத்து ஆபீசருக்கு.

ஆறு வருடமாகப் பெஞ்சில் படுத்தபடி அது பார்த்ததெல்லாம் ஒன்றுதான். ஒருவர் உட்காருகிறார், தலையைச் சாய்க்கிறார்கள், உயிரோடு எழுந்து போகிறார், அடுத்தவர். அந்த முறைப்படி நடந்தால் கத்திக்கும் கழுத்தைக் காட்டும். முறை தவறினால் ஒரு சொட்டுக்கும் மசியாது. ஐந்தாம் நாள் தபால்காரர் இறங்கியதும், "ஒரு நிமிஷம்தான், மீசை மட்டும்" என்று இஸ்திரிக்காரர் நடுவில் புகுந்துவிட்டார். ஆபீசர் பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. ஒரு நாள் முழுக்க வெளியே வரவில்லை. ஆறிவந்த கண்ணில் மறுபடியும் வெள்ளை படர்ந்தது.

டாக்டரம்மா அண்ணனைக் கேட்ட கேள்வியில் வெளியே கட்டியிருந்த மாடுகூடத் தலை குனிந்தது. "இன்னொரு வேளை தவற விட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க. கண்ணு போயிரும்."

பத்தாம் நாள் மதியம். தபால்காரர் கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக அண்ணனின் மனைவி நாற்காலியில் ஏறினாள். கழுவிய பழைய குப்பியில் வெறும் தண்ணீர். "ஆடாதே."

"மெதுவா விடுங்க. நாய்க்கு விடற பக்குவம் பொண்டாட்டிக்கு வராதே."

ஒரு சொட்டு. கண்ணாடி. அவள் கூந்தலை ஒதுக்கிப் பார்த்து, "நரைச்சிருக்குன்னு சொல்லவே இல்ல நீங்க" என்று இறங்கித் திரைக்குப் பின்னால் போனாள். ஒரு தட்டு. "அடுத்து."

ஆபீசர் எழுந்தது. இரண்டடி வைத்தது. அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. சம்பந்தி விறுவிறுவென்று வந்து சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருக்கு, சம்பந்தி. சட்டுனு ஒரு ஷேவ்."

அண்ணனின் கை, மூளையைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது. துணி கட்டியது. சோப்பு குழைத்தது. ஒரு கன்னம் முழுக்க நுரை பூசிய பிறகுதான் அவர் கீழே பார்த்தார். நடு வழியில் நின்ற ஆபீசர் ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சை நோக்கித் திரும்பியது.

திரை லேசாக விலகியது. "பேசாம முடிச்சு அனுப்புங்க" என்றாள் மனைவி, உதட்டசைவாலேயே. "பொண்ணு அங்க இருக்கா."

பிரஷ் அந்தரத்தில் நின்றது. ஒரு பக்கம் மகளின் முடியாத சிரிப்பு. மறுபக்கம் அந்த ஒற்றைக் கண். இருபத்திரண்டு வருடத்தில் உட்கார்ந்தவரை எழுப்பியறியாத வாய், கடைசியில் திறந்தது.

"சம்பந்தி, கொஞ்சம் எந்திரிக்கணும்."

"ஏன், நாற்காலி உடைஞ்சிருச்சா?"

"இல்ல. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்கார்."

சம்பந்தி பெஞ்சைப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. தெருவைப் பார்த்தார். பிறகு அண்ணனின் பிரஷ் காட்டிய திசையில் தரையைப் பார்த்தார்.

"நாயா?"

"ஆபீசருங்க" என்றார் அண்ணன். "கண்ணு போயிரும்."

திரைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. சம்பந்தி எழுந்தார். ஒரு கன்னத்தில் நுரை, கழுத்திலிருந்து முழங்கால்வரை வெள்ளைத் துணி. வாசல்வரை போனார். அந்தக் கோலத்தில் தெருவில் இறங்க முடியாது என்பது அங்கே போன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பினார். பெஞ்சின் வாசல் பக்க நுனியில், சட்டப்படி, உட்கார்ந்தார்.

அண்ணன் துண்டை எடுத்தார். நாற்காலியை ஒரு தட்டு தட்டினார். இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டு.

"அடுத்து."

ஆபீசர் யோசித்தது. பெஞ்சில் இருந்த புது ஆளை மோந்து பார்த்தது. அவர் தனக்குப் பின்னால்தான் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டது. பிறகு ஏறி உட்கார்ந்தது.

"ஆடாதீங்க."

பெஞ்சில் சம்பந்தியும் மூச்சை அடக்கினார். சொட்டு கண்ணுக்குள் விழுந்தது. இமை ஒருமுறை மூடித் திறந்தது. அதில் வெள்ளை இல்லை. அண்ணன் கைக்கண்ணாடியை எடுத்து இடப்பக்கம் பிடித்தார், வலப்பக்கம் பிடித்தார். அதில் சம்பந்தியின் முகமும் தெரிந்தது. நுரை காய்ந்துகொண்டிருந்தது. பஸ் போய்விட்டிருந்தது. அந்த முகம் முன்னால் நீண்டு, நாயின் பின்னந்தலையைக் கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தது.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கே, சம்பந்தி."

அண்ணன் கண்ணாடியைக் கீழே வைத்தார். கத்தரியை எடுத்து, காது மடலைக் கட்டை விரலால் மடக்கி, அங்கே மூன்றே முடியை வெட்டினார். மறுபடியும் கண்ணாடியை எடுத்து, இந்த முறை பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.