மகளையும் தன் பள்ளியிலேயே சேர்த்த மங்கை டீச்சர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சாங்வியில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தபோது சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மறுமுனையில் மங்கை அக்காவின் மகள் கவிதா. "ஆன்ட்டி, மம்மி போயிட்டாங்க. காலையில சாய் குடுத்தேன், குடிக்கல. எழுப்பிப் பார்த்தா..." மாவு ஒட்டிய கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மராத்தி பேசும் ஊரான தேஹு ரோட்டில் ராணுவ டெப்போவை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களில் மங்கையர்க்கரசி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. அங்குள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஹிந்தி வழி வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர். அதே பள்ளியில் நானும் பல ஆண்டுகள் அவருடன் வேலை பார்த்தேன். பிள்ளைகள் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே போய்விடுவார். அவர் திட்டு தமிழில் தொடங்கி, ஹிந்தியில் சூடேறி, மராத்தியில் முடியும். மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்தில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளி வந்தது. என் மகன் பிரவீணுக்கும் கவிதாவுக்கும் ஒரே வயது. நான் பிரவீணை நேர்காணலுக்கு அழைத்துப் போனேன். அங்கே பெஞ்சில் எனக்கு முன்பே மங்கை அக்கா உட்கார்ந்திருந்தார். தன் மகளுக்காக அல்ல, டெப்போவில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மனைவி ராணிக்குத் துணையாக வந்திருந்தார். ராணியின் குழந்தை வண்ணங்களின் பெயர்களை எல்லாம் கடகடவென்று சொன்னது. பிறகு தலைமையாசிரியை ராணியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். ராணி தன் கால்விரல்களைப் பார்த்தபடி நின்றாள். அக்கா குறுக்கிட்டு ஹிந்தியில் கேட்டார்: "பரீட்சை குழந்தைக்கா, அம்மாவுக்கா?"

பிரவீணுக்கு இடம் கிடைத்தது. ராணியின் மகளுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா கவிதாவை எங்கள் பள்ளியிலேயே சேர்த்தார். அவர் கணவர் ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆசிரியர் அறையில் நானே கேட்டேன், "ஒரு பிள்ளையை வச்சு ஊரைத் திருத்திட முடியுமாக்கா?"

"முடியாது சுமதி. ஆனா நம்ம ஸ்கூல் நமக்கே வேணாம்னா, ராணி மக மட்டும் எதுக்கு இங்க படிக்கணும்? கேட்கத் தெரிஞ்சவங்க எல்லாம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டா, வாய் திறக்காதவங்கதான் மிஞ்சுவாங்க. அப்புறம் இந்த ஸ்கூலுக்காக யாரு கேட்பா?"

அவர் சொன்னபடியேதான் நடந்தது. முன்பெல்லாம் கூரை ஒழுகினால் யாராவது ஒரு ஃபோர்மேன் அப்பா மறுநாள் அலுவலகத்தில் வந்து நிற்பார். குமாஸ்தாக்களின் பிள்ளைகள், ஃபோர்மேன்களின் பிள்ளைகள், ஆசிரியர்களான எங்கள் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் போன பிறகு, மழைக்காலம் வந்தால் பெஞ்சுகளை ஈரமில்லாத மூலைக்கு இழுத்துப் போட்டுப் பாடம் நடத்தினோம். மனு எழுதியது அக்கா ஒருவர்தான். ஆங்கில ஆசிரியர் ஓய்வு பெற்றார். பதிலுக்கு யாரும் வரவில்லை. கணக்கு டீச்சரான அக்காவே அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலமும் நடத்தினார். அந்த வகுப்பில்தான் கவிதா உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் வகுப்பில் கவிதா பள்ளியிலேயே முதல். நகரத்துக் கல்லூரி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பு அறிவியலில் சேர்ந்தாள். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே எல்லாம் ஆங்கிலம். ஆண்டு முடிவில் தோற்றுப்போனாள். அன்று அவள் தாயிடம் கேட்டதை அக்காவே என்னிடம் சொன்னார்: "சார் பேசறது ஒண்ணுமே புரியல மம்மி. எல்லாரும் அவங்கவங்க பிள்ளைய நல்ல ஸ்கூல்ல போட்டாங்க. உங்க பிடிவாதத்துக்கு நான்தான் கிடைச்சேனா?"

அதைச் சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாங்விக்கு வந்தார். அடுத்த அறையில் பிரவீண் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "உண்மையைச் சொல்லு சுமதி. நான் தப்புப் பண்ணிட்டேனா?"

அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டே என் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பியவள் நான். அதற்காக அக்கா ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. ஆனாலும் பத்து வருடத்துக்கு மேலாக அவர் முன்னால் நான் கொஞ்சம் கூனியே நின்றேன். அன்று நிமிர ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

"ஆமாக்கா" என்றேன்.

அவர் தலையசைத்தார். ஆறிப்போன காபியைக் குடித்தார். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் போராட்டக் குணம் இல்லை. ஜூன் மாதம் பெற்றோர் வந்து "இங்கயே விடலாமா டீச்சர்?" என்று கேட்டால், முன்பு கையைப் பிடித்து உட்காரவைத்து வாதாடுபவர், "உங்க இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கவிதா பாடம் மாற்றி, மறுபடி படித்து, இன்று ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். பிரவீண் கணினித் துறையில் இருக்கிறான். இருவரில் யார் அதிகக் கெட்டிக்காரர் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. நாங்களும் எங்கள் பிள்ளைகளோடு அங்கேயே நின்றிருந்தால், கூரையும் ஒழுகியிருக்காது, ஆங்கில ஆசிரியரும் வந்திருப்பார். உங்களைத் தனியாக விட்டுவிட்டு, தனியாக நின்றதையே உங்கள் குற்றமாக்கினோம் அக்கா.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், தேஹு ரோட்டில் அவர் வீட்டு வாசலில் கவிதா என் தோளில் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "மம்மி என்கிட்ட மாஃபி கேட்டுட்டே இருந்தாங்க ஆன்ட்டி, மன்னிச்சிடு மன்னிச்சிடுன்னு. நேத்துகூட கேட்டாங்க. பரவாயில்லன்னு ஒரு தடவைகூட நான் சொல்லல."

அக்காவைத் தூக்க ஆள்கள் குனிந்தபோது அவள் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாயின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். காதருகே குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "போதும் மம்மி. இனிமே கேட்காதீங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் அக்கா. போய் வாருங்கள்.