பல்லால் அறுத்த நூல்

கடலில் மீன்பிடிக்கிற எனக்கு நாக்கின் நுனியில் சோற்றுப் பருக்கை அளவில் ஒரு கட்டி வந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு கிழமை என்றார்கள்.

அந்த இரண்டு கிழமையும் நான் ஒருவரையும் நம்பவில்லை. மனுசி கேளாமலே பால்கஞ்சி காய்ச்சித் தந்தாள். இவளுக்கு ஏதோ தெரியும் என்று நினைத்தேன். கோயில் பாதர் சும்மா எட்டிப் பார்க்க வந்தார். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற நோயில்பூசுதல் எண்ணெய் கொண்டுவந்திருப்பாரோ என்று, அவர் தேத்தண்ணி குடித்து எழும்பும்வரை அவருடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்த அன்று டொக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

"புற்றுநோய் இல்லை ஐயா. நாக்கிலை காயம் பட்டால் தசையை ஒட்டி இணைக்கிற தொடுப்பிழையக் கலங்கள் நார் பின்னி அதைப் பொத்தும். நீங்கள் திரும்பத் திரும்பக் காயப்படுத்த, அதுகளும் பொத்திப் பொத்திக் கட்டியாக்கிப் போட்டுதுகள். வலை பொத்தேக்கை நைலோன் நூலைப் பல்லாலையோ அறுக்கிறனீங்கள்?"

"ஆர் சொன்னது? என்ரை மனுசியோ?"

அவர் ஒரு கண்ணாடியை நீட்டினார். என் முன்பல்லில் நூல் அராவிய பள்ளம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் வலைக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் கிடந்தது.

"இது எப்ப வாங்கினது?" என்று மனுசியை முறைத்தேன்.

"போன வருசம். அண்டைக்கே நூல் போட்டு வலையோடை கட்டி விட்டனான். அந்த நூலையும் பல்லாலை அறுத்து எறிஞ்சது நீங்கள்தான்."