கேக்கில் எழுதிய நார்வே வரி

புனேக்கு வெளியே, சாகணில் ஒரு தொழிற்சாலை கேன்டீன். என்னை அழைத்து வந்த நண்பன் முரளி இங்கே என்ஜினியர். அவனோடு வேலை பார்த்த நார்வேக்காரர் இன்று ஊர் திரும்புகிறார். எனக்குப் பசி. கேக்கை எப்போது வெட்டுவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைக் கேக்கின் மேல் அவர் பெயர். கீழே, இங்கே விடைபெறும் எல்லோருக்கும் எழுதுவதுபோல, வந்த தேதியும் இன்றைய தேதியும். அதற்கும் கீழே நார்வே மொழியில் ஒரு வரி.

“‘தேங்க்ஸ் ஃபார் எவ்ரிதிங்’னு சொல்வோம்ல, அதைத்தான் டிக்‌ஷனரி பார்த்து மாத்தினேன்,” என்கிறான் முரளி என்னிடம்.

நார்வேக்காரர் கேக்கையே பார்த்தபடி நிற்கிறார். கைதட்டல் தானாக ஓய்கிறது. தப்பா என்று முரளி ஆங்கிலத்தில் கேட்கிறான்.

“தப்பில்லை,” என்கிறார் அவர். “எங்கள் ஊரில் இதைக் கல்லறையில் பொறிப்பார்கள். பெயர், இரண்டு தேதிகள், கீழே இதே வரி. என் அப்பாவின் கல்லிலும் இருக்கிறது.”

அவர் கத்தியை எடுத்து, இன்றைய தேதியை மட்டும் மெதுவாக வழித்துத் தட்டின் ஓரத்தில் வைக்கிறார்.

ஏர்போர்ட் போகும் வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார்.