நாலு சோடி, ஒத்தை

எங்கள் அம்மாவுக்கு வாலிபால் என்றால் ஆகவே ஆகாது. இந்தப் பக்கம் ஆறு ஆம்பளை, அந்தப் பக்கம் ஆறு ஆம்பளை நின்றுகொண்டு, ஒரு பந்தை எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று மாற்றி மாற்றித் தள்ளிவிடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பாள். சித்தப்பாவோ அந்தப் பந்துக்காகவே பிறந்தவர். திண்டுக்கல்லில் எங்கள் தெரு டீமுக்கு அவர்தான் லிஃப்டர். அடிக்கிறவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவர் வேலை. மற்ற நேரத்தில் ஆட்டு வியாபாரி. வியாழக்கிழமைதோறும் அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்து, தன் வேனில் ஏற்றி வந்து, டவுன் கறிக்கடைகளுக்குக் கொடுப்பார்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் இருந்த ஒரு கிராமத்து டீம் எங்கள் டீமை ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. வெளியூர் மைதானத்தில் கைதட்ட ஆள் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பது சித்தப்பாவின் கொள்கை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தெருப் பிள்ளைகளையும் வேனில் அழைத்துப் போவதாக அறிவித்துவிட்டார். என் கூட்டாளிகள் செல்வியும் ஆரோக்கியமும் நானும் சனிக்கிழமையே வேனைக் கழுவினோம். நான்கு வாளித் தண்ணீரும் அரை பாட்டில் பினாயிலும் ஊற்றினோம். ஆட்டு வாடை போகவில்லை. பினாயிலில் குளித்த ஆட்டின் வாடையாக மாறியது, அவ்வளவுதான்.

என் சந்தோஷத்தில் மண் விழுந்தது தம்பியால். ஐந்து வயது. அவனும் வருவேன் என்று தரையில் புரண்டு அழுதான். அம்மா கடைசியில் மனமிரங்கி, அவன் கையைப் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"இந்தக் கைய விட்டுட்டு வந்தன்னா, நீயும் வீட்டுக்குள்ள வராத."

பிறகு சித்தப்பாவிடம் திரும்பினாள். "தம்பி, போறப்ப ஒம்போது பிள்ளைக. வாரப்பவும் ஒம்போது இருக்கணும், ஆமா."

"என்ன மதினி இப்படிச் சொல்லிப்புட்டீக? நூறு ஆட்ட அசராம எண்ணி ஏத்துறவன் நான். ஒம்போது பிள்ளைகளத் தொலைச்சிருவேனாக்கும்?"

சொன்னதோடு நிற்கவில்லை. வேனிலிருந்து சாய டப்பாவை எடுத்து வந்தார். சந்தையில் பல வியாபாரிகளின் ஆடுகள் ஒரே வண்டியில் வரும்போது கலந்துவிடாமலிருக்க, ஆளுக்கொரு நிறத்தில் ஆட்டின் மேல் குறி போட்டுவிடுவார்கள். சித்தப்பாவின் நிறம் நீலம். சின்னாளபட்டியில் சேலை நூலுக்குப் போடும் சாயத்தூளை வாங்கிக் குழைத்து வைத்திருப்பார். எங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் இடது மணிக்கட்டிலும் கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எங்களுக்கோ பெருமை தாங்கவில்லை. டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எனக்கு இன்னும் ஒரு சுற்றுப் பெருமை கூடியது.

ஏற்றும்போதும் ஆட்டுக் கணக்குதான். சித்தப்பா வேனின் பின்கதவருகே நின்று இரண்டிரண்டு பேராகத் தொட்டுத் தொட்டு ஏற்றினார். "ஒரு சோடி, ரெண்டு சோடி, மூணு சோடி, நாலு சோடி." கடைசியில் தம்பியைத் தூக்கிப் போட்டு, "ஒத்தை. சரி, கதவச் சாத்து!"

ஆட்டக்காரர்களும் நாங்களும் வைக்கோல் பரப்பில் உட்கார்ந்துகொண்டோம். வண்டி பழனி ரோட்டில் ஏறியதும், வண்டி ஓட்டிய சித்தப்பாவின் தலைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்து நின்றுகொண்டால் முகத்தில் காற்று அடிக்கும் என்று கண்டுபிடித்தோம். செல்விக்கும் ஆரோக்கியத்துக்கும் அந்த இடம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது தம்பியின் கை. வழி நெடுக அது வியர்த்துக்கொண்டே இருந்தது.

ஆட்டம் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் நடந்தது. அந்த ஊரே திரண்டு வந்து அவர்களுக்குக் கத்தியது. நாங்கள் ஒன்பது பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. அந்த இடைவேளையில், தம்பி உயரத்தில், தம்பியைப் போலவே பொத்தான் போன சட்டையோடு ஒரு பையன் வந்து என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்கக்கா, எனக்கும் அந்த மை வெச்சு உடுங்க."

அதுவரை என்னை யாரும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அந்த மரியாதையில் மயங்கி, டப்பாவைத் திறந்து அவனுக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். அவன் கைம்மாறாக, தன் வீட்டில் நேற்றுப் பிறந்த கன்றுக்குட்டி இருப்பதாகவும், தம்பிக்குக் காட்டுவதாகவும் சொன்னான். வீடு மைதானத்தை ஒட்டித்தான் இருந்தது. தம்பி என் முகத்தைப் பார்த்தான். மூன்றாவது செட் தொடங்கும் விசில் ஊதிவிட்டது. நான் கையை விட்டேன்.

அந்தக் கடைசி செட்டைப் பற்றி இன்றைக்கும் என்னால் பாயிண்ட் பாயிண்டாகச் சொல்ல முடியும். சித்தப்பா மண்ணில் விழுந்து எடுத்துக் கொடுத்த பந்தை எங்கள் ஆள் ஓங்கி அடித்ததும் ஆட்டம் முடிந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம். எல்லாரும் வேனை நோக்கி ஓடினோம். கம்பியருகே இடம் பிடிக்க வேண்டுமே! நான்தான் முதல் ஆள். முகத்தை முன்பக்கம் திருப்பி நின்றுகொண்டேன். பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது. "மூணு சோடி, நாலு சோடி, ஒத்தை. சரி, கதவச் சாத்து!" ஒத்தை என்றால் தம்பி. தம்பி ஏறிவிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒட்டன்சத்திரம் டவுனுக்குள் வண்டி நுழைந்தபோது, வைக்கோல் பக்கமிருந்து மெல்லிய அழுகைச் சத்தம் வந்தது.

"ஏனுங்க, எங்கூடு தாண்டிருச்சுங்க."

திரும்பிப் பார்த்தேன். மணிக்கட்டில் நீலம் இருந்தது, சட்டையில் பொத்தான் இல்லை, ஆனால் முகம் தம்பியுடையதல்ல. ஊர் எல்லைவரை வண்டியில் ஒரு சவாரி போய் இறங்கிக்கொள்ளலாம் என்று ஏறியவன், இறக்கிவிடச் சொல்லக் கூச்சப்பட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். வியாபாரி எந்தக் காலத்தில் ஆட்டின் முகத்தைப் பார்த்தான்? குறியைத்தானே பார்ப்பான்.

ஆரோக்கியம் கேபினைத் தட்டோ தட்டென்று தட்டினாள். வண்டி நின்றது. சித்தப்பா இறங்கி வந்து, அந்தப் பையனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சாய டப்பாவை நீட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வண்டியைத் திருப்பியபோது கியர் இரண்டு தடவை கரகரத்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் வேண்டாத மாதா இல்லை. கிணறு, ரோடு, பஸ் என்று என்னென்னவோ கண்முன் வந்தன. அம்மாவின் முகம் மட்டும் வரக் கூடாது என்று கண்ணை மூடினால், அதுதான் முதலில் வந்தது. ஜெயித்த ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளையும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊர் எல்லையில் ஒரு பெண் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினாள். இன்னொரு கை தம்பியைப் பிடித்திருந்தது.

அவன் முகத்தைக் கழுவி, தலையில் எண்ணெய் வைத்து, வகிடு எடுத்துச் சீவி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாள். கன்றுக்குட்டியின் பக்கத்திலேயே தூங்கிப்போனானாம். எழுந்து அழுதவனுக்குப் பால் கொடுத்து, சாமி கும்பிட வைத்து அழைத்து வந்திருக்கிறாள்.

"கையில நீலத்தப் பார்த்தனுங்க. உங்க வண்டிப் பையன்னு தெரிஞ்சுபோச்சு. எங்கூட்டுப் பையன் அங்கிருக்கானுங்களா?"

அவள் பையன் வண்டியிலிருந்து குதித்தான். முதுகில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவ்வளவு நிம்மதியை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை ரிசல்ட்டும் எனக்குக் கொடுத்ததில்லை. சித்தப்பா அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் ரோட்டோரம் இருந்த தன் தோட்டத்துக்குள் போய் ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்து வந்து வண்டியில் போட்டாள்.

"புள்ளைங்கன்னா அப்படித்தானுங்க. பார்த்துப் போங்க."

திரும்பும் வழியில் ஒருவரும் பாடவில்லை. அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சித்தப்பா எங்கள் எல்லாரிடமும் சத்தியம் வாங்கினார். "தாயி, தம்பி நெத்தியத் தொடச்சுவிடு" என்று என்னிடம் சொன்னார். பாவாடையை எச்சிலில் நனைத்துத் துடைத்தேன். இருட்டுவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டோம். ஜெயித்தால் ஊளையிட்டுக்கொண்டு வர வேண்டிய வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றதைப் பார்த்து, தெருவே வந்து எங்களைத் தேற்றியது. "விடுங்கப்பா, அடுத்த தடவ பாத்துக்கிருவோம்." ஜெயித்துவிட்டோம் என்று சொல்லக்கூட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா வாசலில் நின்று எண்ணினாள். ஒன்பது. பிறகு முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்தாள். "தோத்ததுக்கு இம்புட்டு முருங்கைக்காயா?" என்றாள். சித்தப்பா வேனுக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டார்.

வெந்நீர் போட்டு எங்களைக் குளிப்பாட்டினாள். நீலம் போகவில்லை. தம்பியின் எண்ணெய்த் தலையை ஒரு தரம் முகர்ந்தாள். அவன் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், நான் துடைக்காமல் விட்ட விபூதிக் கீற்று ஒன்று இருந்தது. அம்மா செத்த நேரம் அதையே பார்த்தாள். வீட்டில் சிலுவை தவிர வேறு அடையாளம் அறியாதவள். கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றி, அவனைத் துவட்டிவிட்டாள். சளி பிடித்துவிடும் என்று பயந்திருப்பாள் என நினைத்துக்கொண்டு, பிழைத்தோம் என்று தூங்கப் போனேன்.

சத்தியத்தை எல்லாரும் காப்பாற்றினோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா வழக்கத்தைவிட அதிகமாக முறுக்கும் அதிரசமும் சுட்டு, ஒரு பெரிய டப்பாவில் அடைத்து, துணி கட்டி சித்தப்பாவிடம் கொடுத்தாள்.

"ஒட்டன்சத்திரத்துப் பக்கம் குடுத்துட்டு வாங்க தம்பி."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டப்பா திரும்பி வந்தபோது, கூடவே ஒரு கட்டு முருங்கைக்காயும் வந்தது. நான் செல்வியிடமும் ஆரோக்கியத்திடமும் ஓடிப்போய்ப் பெருமையாகச் சொன்னேன்: தோற்றுப்போன டீமுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் அளவுக்கு எங்கள் அம்மாவுக்கு வாலிபால் பிடித்துவிட்டது என்று.