இறக்கத்துப் பாரம்

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போன வண்டிக்காரர்களில், மாட்டை அடிக்காதவன் என்று பெயரெடுத்தவன் சடையன். அடிக்காமல் மாடு போகுமா என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். போகும், அவன் பாரம் வைக்கும் விதம் அப்படி. இறக்கம் வந்தால் வண்டியை நிறுத்திப் பெட்டிகளைப் பின்னால் நகர்த்துவான். இல்லாவிட்டால் நுகத்தடி அழுத்தி மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும்.

1920களின் நடுவில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கார் வாங்கினார். அதன் பின்னால் மாட்டி இழுக்க, இரண்டு சக்கரப் பின்வண்டி ஒன்றும் வந்தது. மாடுகளை விற்றுவிட்டார்கள். சடையனைப் பின்வண்டியில் பெட்டி அடுக்கச் சொன்னார்கள்.

அந்த வாரமே அவன் மனைவி ரெங்கம்மாவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. தோட்டத்து மருந்துக்காரர் கையை விரித்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். பிள்ளையில்லாத வீடு, அவளை விட்டால் சடையனுக்கு நாதியில்லை. பின்வண்டியின் முதல் பயணத்தில் துரையும் பதுளைக்குப் போவதாக இருந்தார். காரின் பின் சீட்டு காலிதான். ஆனால் கூலிகள் குடியிருக்கும் லயத்து ஆள் அதில் உட்கார்ந்தால் உலகம் கவிழ்ந்துவிடுமே! பெட்டிகளோடு பெட்டியாக ஏற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதற்கே சடையன் கும்பிடு போட்டான்.

பெட்டிகளை எல்லாம் பின்பக்கம் அடுக்கி, முன்னால் சாக்கு விரித்து அவளைப் படுக்க வைத்தான்.

"ஆஸ்பத்திரியில நீங்களும் கூட இருப்பீங்கள்ல?" என்று கேட்டாள்.

"இருப்பேன் புள்ள."

டிரைவர் இப்றாஹீம் வந்து பார்த்து முகம் சுளித்தான்.

"அண்ணே, பாரத்த முன்னுக்கு வைங்க. பின்னுக்கு இருந்தா வண்டி வாலாட்டும்."

"பசறை வரைக்கும் இறக்கம், தம்பி. முன்பாரம் வச்சா கழுத்து தாங்காது."

"இதுக்கு ஏதுண்ணே கழுத்து?"

சடையன் சிரித்தான். இப்றாஹீம் பெட்டியில் கைவைப்பதற்குள் துரை வந்து ஏறிவிட்டார். அவரைக் காக்க வைக்க யாருக்குத் துணிச்சல்?

சடையன் காரின் படிப்பலகையில் தொற்றிக்கொண்டு, திரும்பி அவளையே பார்த்தபடி வந்தான். இறக்கத்தில் வேகம் கூடியதும் பின்வண்டி இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. இப்றாஹீம் பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். ஆட்டம் இன்னும் கூடியது. வளைவில் கொக்கி கழன்று, பின்வண்டி பள்ளத்தில் உருண்டது. சடையன் குதித்து ஓடிப் பெட்டிகளைப் புரட்டியபோது ரெங்கம்மாவுக்கு உயிர் இல்லை.

துரை வருத்தப்பட்டார். இனிமேல் பின்வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று உத்தரவு போட்டார். பின் சீட்டைப் பற்றி எந்த உத்தரவும் இல்லை.

கருமாதி முடிந்து இப்றாஹீம் லயத்துக்கு வந்தான். 

"விதிண்ணே," என்றான்.

"விதி இல்ல தம்பி," என்றான் சடையன். "இல்லாத மாட்டுக்குப் பாவம் பாத்தேன். இருந்த ஒருத்திய விட்டுட்டேன்."