ஆயில் குறையாத வண்டி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் பிசாசு என்றால் நானும் சிரிக்கிற ஆள்தான். ஆனால் இது என் தங்கை பெர்லாவுக்கும் அவள் புருஷன் டமாசோவுக்கும் நடந்தது. டமாசோவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் இரண்டு காதும் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை அவன் என்னிடம் சொன்னபோது அந்தக் காதுகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அவை வெளுத்தே இருந்தன.

பெர்லாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை பாகியோ நகரத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கி டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். எங்கள் பூகியாஸ் மலையிலிருந்து போகிற அந்தச் சாலை, மழைக்காலத்தில் எந்த இடத்தில் சரியும் என்று அதற்கே தெரியாது. பஸ்ஸில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு போவாள், நின்றுகொண்டே திரும்புவாள். ஒருநாள் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு டமாசோ யார் பேச்சையும் கேட்கவில்லை. வளர்த்த பன்றிகளையும் வயலில் நின்ற கேரட்டையும் விற்றான். கீழே சமவெளியில் இலாரியோ என்பவரிடமிருந்து ஒரு பழைய டீசல் வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். நல்ல உயரமான வண்டி. பின் சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அதற்காகவே வாங்கினான்.

"ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு நல்ல வண்டிய அந்தாளு ஏன் வித்தான்?" என்று கேட்டேன்.

"அவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்கலையாம் மச்சான்."

எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு திட்டு. ஆயில் லீக். டமாசோ வண்டியைச் சாலையோரத்தில் இருக்கும் ஆம்புரோஸின் பட்டறைக்குக் கொண்டுபோனான். ஆம்புரோஸ் எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறவர். வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது.

"வயசானா எல்லாருக்குந்தான் ஒழுகும். வண்டிக்கு மட்டும் ஒழுகக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்தார்.

குறை இருக்கத்தான் செய்தது. என்ஜின் மேல்மூடியின் கேஸ்கெட் காய்ந்து ஓடாகியிருந்தது. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஆயில் போகிற சின்ன ஹோஸும் வெடித்திருந்தது. இரண்டையும் மாற்றினார். அப்படியே ஜாக்கி போட்டுத் தூக்கி அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். பின் சக்கரத்தின் உட்பக்கம், இரும்பு இடுக்கில், பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"ரத்தம். நல்லதுதான் தம்பி. வண்டி வாங்குனப்ப யாரோ முறையா கோழி அறுத்துச் சக்கரத்துல விட்டிருக்காங்க."

எங்கள் பக்கம் அது வழக்கம். புது வண்டிக்குக் கோழி ரத்தம் காட்டிவிட்டால் அது மனிதர்கள் ரத்தத்தைத் தேடாது என்பார்கள். டமாசோவும் ஒரு சேவலைத் தயாராக வைத்திருந்தான். ஏற்கெனவே ரத்தம் காட்டிய வண்டிக்கு இன்னொரு தடவை எதற்கு என்று நினைத்தான். அன்றிரவு அந்தச் சேவல் குழம்பானது.

மறுநாள் காலையில் மறுபடியும் திட்டு.

ஆயில் அளவு காட்டுகிற டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தான். ஆயில் மேல்கோடு வரை இருந்தது. சரி, நேற்றைய மிச்சம் சொட்டியிருக்கும். அதற்கு மறுநாளும் திட்டு. அன்றைக்கும் ஆயில் மேல்கோட்டிலேயே நின்றது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. தரையில் ஒரு டம்ளர் அளவு கிடக்கும். என்ஜினில் ஒரு துளி குறைந்திருக்காது.

ஆம்புரோஸ் வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்தி அடியில் பெரிய அட்டையை விரித்து வைத்தார். எங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர் மேலேதானே லீக் இருக்க வேண்டும். காலையில் பார்த்தால், முன்பக்கம் என்ஜினுக்கு அடியில் அட்டை சுத்தமாக இருந்தது. சொட்டியிருந்தது பின்னால், பெர்லா படுக்கிற சீட்டுக்கு நேர் கீழே.

"அங்க ஆயில் போற குழாயே கிடையாதே," என்றார் ஆம்புரோஸ். பின் அச்சில் இருக்கிற பல்சக்கரப் பெட்டியின் ஆயிலாக இருக்குமோ என்று அதையும் திறந்து பார்த்தார். அதுவும் நிறைய இருந்தது.

கடைசியாகப் பவுடர் வித்தையில் இறங்கினார். வண்டியின் அடிப்பக்கத்தை டீசலால் கழுவித் துடைத்தார். குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரை எல்லா இடத்திலும் தூவினார். எங்கிருந்து ஒழுகினாலும் வெள்ளையில் கறுப்புக் கோடு விழும், லீக் தப்ப முடியாது. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். இருவரும் சோறு சாப்பிடப் போனார்கள். பட்டறைக் கதவு பூட்டியிருந்தது.

திரும்பி வந்து டார்ச் அடித்தார்கள். கறுப்புக் கோடு எங்கேயும் இல்லை. பின் சீட்டின் அடித்தகட்டில், பவுடரில், ஐந்து விரல்கள் இழுத்த தடம் இருந்தது.

சின்ன விரல்கள்.

"பூனையா இருக்கும்," என்றான் டமாசோ.

"எந்தப் பூனைக்குடா கட்டை விரல் இருக்கு?"

ஆம்புரோஸ் வெற்றிலையைத் துப்பினார். கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச வேலை இதோட சரி. வண்டிய எடுத்துட்டுப் போ."

வண்டி பட்டறையில் கிடந்த அந்த நாளில் மண் சரிந்து பஸ்ஸும் ஓடவில்லை. பெர்லாவுக்கு ஒரு முறை டயாலிசிஸ் தவறிவிட்டது. இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள். அடுத்த முறை வியாழக்கிழமை நடுப்பகல். அதையும் விட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தாமதமாகப் போனால் மெஷினில் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். காத்திருப்பவர்கள் அத்தனை பேர். விரலாவது, பூனையாவது! டமாசோவுக்கு வேறு வழி இல்லை. வியாழன் விடிந்ததும் அவளைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்துக் கிளம்பினான்.

ஒன்பது மணி இருக்கும். மலை உச்சியில் மூடுபனி இறங்கியது. பட்டப்பகல்தான், ஆனால் சாலையின் ஓரக்கோடுகூடத் தெரியவில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அதலபாதாளம். விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தான்.

அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

என்ஜின் தட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தான். ஆயில் இல்லாவிட்டால் அப்படித்தான் தட்டும். ஆனால் என்ஜின் தட்டினால் விடாமல் தட்டும். இது மூன்று தடவை தட்டியது. நின்றது. யாராவது பதில் சொல்வார்களா என்று பார்ப்பது போலக் காத்திருந்தது. மறுபடி மூன்று தட்டு.

"டமாசோ... கீழ யாரோ தட்டறாங்க."

"ஆயில்தான். சும்மா இரு."

வண்டியை மலையோரம் ஒதுக்கி நிறுத்தினான். பானெட்டைத் திறந்தான். டிப்ஸ்டிக்கை உருவினான். மேல்கோடு. துடைத்துவிட்டு மறுபடி விட்டு உருவினான். மேல்கோடு. பின்பக்கம் சாலையில் ஏதோ சொட்டும் சத்தம் கேட்டது. ஒரு கணம் குனியப் போனான். கடிகாரத்தைப் பார்த்தான். பானெட்டை மூடிவிட்டு ஏறிக்கொண்டான்.

"அடியில பாத்தியா?" என்றாள் பெர்லா.

"நேரமாச்சு."

வண்டி நகர்ந்தது. ஒரு வளைவு தாண்டியது. அடுத்த வளைவில் மறுபடியும்...

டொக்... டொக்... டொக்.

இந்த முறை மெதுவாக. பலம் குறைந்துபோன மாதிரி.

"நிறுத்து டமாசோ."

"பெர்லா, மெஷின் போயிடும்."

"போனா போகட்டும். நிறுத்திட்டு அடியில பாரு."

நிறுத்தினான். சாவியைத் திருப்பினான். என்ஜின் அடங்கியது. அந்த மலையில் அப்போது வேறு சத்தமே இல்லை.

ஈரத்தரையில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டான். டார்ச் அடித்தான். வெறும் இரும்பு... சேறு... மிச்சப் பவுடர்.

ஒரு துளி அவன் கன்னத்தில் விழுந்தது.

தொட்டான். ஆயில் என்றால் விரலில் வழுக்கும். இது வழுக்கவில்லை. ஒட்டியது.

டார்ச்சை நகர்த்தினான்.

அடிச்சட்டத்தின் இரும்பு விளிம்பைப் பற்றிக்கொண்டு... நாலு விரல்.

அவற்றில் ஒன்று மெல்ல எழுந்தது.

டொக்.

இன்னொரு தடவை.

டொக்.



அப்போது மேலேயிருந்து, வண்டிக்குள்ளேயிருந்து, பதில் வந்தது.

டொக்... டொக்... டொக்.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. நெற்றி கிழிந்திருந்தது. கதவைத் திறந்தான். பெர்லா வீங்கிய காலை ஒதுக்கிவிட்டு, குனிந்து, கல்யாண மோதிரத்தால் வண்டித் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்ன பண்ற?"

"நமக்குக் கேட்டுடுச்சுன்னு அதுக்குத் தெரியணுமில்ல? நீ பாத்தியா?"

"ஒண்ணுமில்ல," என்றான். காது சிவந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது.

மலை இறங்கும்வரை கீழிருந்து தட்டும்போதெல்லாம் அவள் மேலிருந்து தட்டினாள். அவன் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. மெஷினில் அடுத்த ஆளைப் படுக்கவைக்க இருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு அவள் பிழைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டமாசோ சமவெளிக்கு இறங்கி இலாரியோ வீட்டுக்குப் போனான். கோழி அறுத்தவர் யார் என்று தெரிந்தால் அவரையே அழைத்துவந்து இன்னொரு முறை சடங்கு செய்யலாம் என்பது அவன் எண்ணம்.

இலாரியோவின் மனைவிதான் வெளியே வந்தாள். அவன் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது.

"கோழியா? எங்க சபையில அதெல்லாம் பாவம். எங்க வீட்டுல யாரும் எந்த வண்டிக்கும் ரத்தம் காட்டினதில்ல."

"அடியில காஞ்சுபோன ரத்தம் இருக்கே அக்கா."

அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். உள்ளே இருட்டில், நாற்காலியில், இலாரியோ உட்கார்ந்திருந்தார். எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நல்ல மழை. பொழுது சாயற நேரம். ஏதோ இடிச்ச மாதிரி இருந்துச்சு. நாய்னு நெனச்சேன். கொஞ்ச தூரம் போனதும் அடியில தட்டற சத்தம். என்ஜின்ல ஆயில் தீந்துபோச்சோன்னு நிறுத்திப் பாத்தேன். கம்பியில ஆயில் சரியா இருந்துச்சு. பின்னாடி ஏதோ சொட்டுச்சு. சின்ன லீக்குதான், வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு..."

அவர் மனைவி அழ ஆரம்பித்தாள்.

"வீடு வர வரைக்கும் தட்டிச்சு தம்பி. கேட்டுக்குள்ள நுழையறப்பதான் நின்னுச்சு. காலையில வண்டி கழுவறப்ப பாத்தேன். ஏழு வயசுப் பிள்ள."

டமாசோ அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். எங்கள் ஊரில் சடங்கு செய்கிற பெரியவர், சாவு விழுந்த வண்டி என்றால் எப்போதும் சொல்வார், யாரால் உயிர் போனதோ அவன் வந்து முன்னால் உட்கார வேண்டும், மற்றவன் அறுக்கும் கோழிக்கு அது அடங்காது என்று. இலாரியோ முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றாம். அவருக்கு என்ன, ஆண்டவர் மன்னித்திருப்பார். வண்டி எங்களிடம் அல்லவா இருக்கிறது!

விற்றுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பெர்லா என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

"யார் தலையில கட்டப்போற? அவங்களும் கம்பிய மட்டும் பாத்துட்டுப் போவாங்க."

வேறு வண்டி வாங்க வழியும் இல்லை. அந்த வண்டி ஓடினால்தான் அவள் உயிரும் ஓடும். அதனால் அதே வண்டிதான். வாரம் இரண்டு தடவை, கிளம்புவதற்கு முன்னால், டமாசோ தரையில் சாக்கை விரித்துப் படுத்து அடியில் டார்ச் அடிக்கிறான். அந்த விரல்கள் இருந்தால், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டப்போவான். ஆயில் இன்றுவரை குறையவில்லை.

இதையெல்லாம் கேட்டும் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, துணைக்கு நானும் கிளம்பினேன். டமாசோ படுத்துப் பார்த்தான். எழுந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மாப்பிள்ளை, இருக்கா?"

"இல்ல மச்சான். இன்னைக்கு அடியில யாருமில்ல."

நல்லதாய்ப் போயிற்று என்று பின் கதவைத் திறந்தேன். பெர்லா ஏற்கெனவே ஏறி சீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலோரமாக நகர்ந்தாள். எனக்குத்தான் இடம் விடுகிறாள் என்று நினைத்துக் காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

"அண்ணே," என்றாள் பெர்லா. "நீ முன்னாடி போய் உக்காந்துக்கோ."

பக்கத்தில் இருந்த வெறும் சீட்டின்மேல் போர்வையின் மறுபாதியை இழுத்துப் போர்த்தினாள். போர்வை தட்டையாக விழவில்லை.

நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன்.