கூறை எங்கே என்று கேட்டவர்களுக்கு

அக்கா நம்மை விட்டுப் போய் இந்த ஆனியோடு ஓராண்டு ஆகிறது. முதல் திதிக்கு வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்றார் மாமா, அக்காவின் கணவர். நல்ல வார்த்தை எழுதுவது சுலபம். ஓராண்டாக என் தொண்டையில் நிற்பது வேறு.

அக்கா பிறந்தது கோபிசெட்டிபாளையத்தில். கணினிப் படிப்பில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவர். திருமணமாகி நியூ ஜெர்சி வந்தால், விசா விதிப்படி வேலை பார்க்க அனுமதி இல்லை. கிரீன் கார்டு வரும் வரை ஆண்டுக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த வெறுப்பில் வாங்கியதுதான் தையல் மெஷின். மகளுக்கு ஹாலோவீன் உடுப்பு தைப்பதில் தொடங்கியது, நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பெண்கள் உடுத்தியதை அச்சு அசலாகத் தைப்பதில் போய் நின்றது. அப்படித் தைப்பவர்களின் குழு ஒன்று இங்கே உண்டு; டிசம்பரில் விருந்து வைத்து, தைத்ததை உடுத்திக்கொண்டு வருவார்கள். மன்ஹாட்டனுக்கு ரயிலேறி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அக்கா மெஷினை மூடவில்லை. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பத்தியச் சாப்பாட்டோடு போய் நிற்பார். பையில் ஒரு குட்டிச் சட்டையும் இருக்கும்.

சென்ற ஆண்டு முழுவதற்கும் ஒரு திட்டம் போட்டார். இந்த உடைகளை உள்ளிருந்து வெளியே தைத்துக்கொண்டு வர வேண்டுமாம். உள்ளே போடுவதன் மேல்தான் வெளியே போடுவதன் அளவு நிற்குமாம். முதலில் சிம்மீஸ், பிறகு இடுப்பை இறுக்கும் கார்செட், பிறகு உள்பாவாடை என்று போய், கடைசியில் டிசம்பர் விருந்துக்குப் பட்டு கவுன்.

"வருஷம் பூரா யாரும் பாக்காததையே தெப்பியா? கவுன மொதல்ல தெச்சா ஒரு போட்டோவாச்சும் எடுக்கலாம்ல" என்றேன்.

"மேல மட்டும் தெச்சா சாக்கு மாட்டுன மாதிரி தொங்கும் புள்ள" என்றார். அக்காவிடம் பேசி ஜெயித்தவர் யார்?

ஆனால் கவுனுக்கு அவர் எடுத்து வைத்த பட்டு, கல்யாணத்தன்று அவர் கட்டிய அரக்கு நிறக் கூறைப் புடவை. பெட்டியில் கிடந்து மடிப்பில் இற்றுப் போகிறது, இன்னொரு தடவை உடம்பில் பட்டால் போதும் என்றார். கவுன் கடைசிதானே, அதற்குள் மனம் மாறிவிடும் என்று நானும் சும்மா இருந்தேன். பொங்கல் கழிந்ததும் போன் வந்தது.

"டிசம்பர்ல மார்கழி வந்துரும். மார்கழில போயி கூறைல கத்திரி வெப்பாங்களா? அதான் தை வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்து வெட்டிட்டேன். தெக்கறத மெதுவாத் தெச்சுக்கலாம்."

அளவு பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர், கார்செட் தைக்கும் முன்பே பஞ்சாங்கம் பார்த்து மேல்துணியை வெட்டிவிட்டார். போனிலேயே கத்தினேன். அவர் சிரித்தார்.

உள்பாவாடை முடிந்த வாரம், பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தவருக்கு மார்வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

டெக்சாஸ் சுகர் லேண்டிலிருந்து வந்து இறங்கிய மாமாவின் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "அம்மிணி, கூறச்சீலைய எடுத்து வெய்யி. சுமங்கலியாப் போயிருக்கறா, அதக் கட்டித்தான் அனுப்போணும்."

நான் என்ன சொல்வது? தையில் கூறையை வெட்டினார், ஆனியில் போய்விட்டார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட நம் சனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சாவைத் தன் கையாலேயே தேடிக்கொண்டாள் என்பார்கள். "தேடிட்டேன், காணோங்க" என்றேன். எடிசன் கடையில் அவசரமாக வாங்கிய பட்டைக் கட்டினோம். அதற்கு அடியில், யாரும் கவனிக்காதபடி, அக்கா தைத்த உள்பாவாடையைக் கட்டிவிட்டேன். அந்த ஆண்டு தைத்ததில் அவர் உடுத்திக்கொண்டது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து பேச்சு கிளம்பியது. ஜரிகைக்கு ஆசைப்பட்டு தங்கச்சிக்காரி சுருட்டிக்கொண்டாளாம். ஒரு வளைகாப்பில், பின்னால் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி ஒருவர், அக்காவின் கூறைதானோ என்று என் முந்தானையைப் புரட்டிப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. அக்கா மேல்தான் எரிந்தது. போகிறவர் தைத்து முடித்துவிட்டாவது போகக் கூடாதா?

போன மாதம் அக்கா மகள் அம்மாவின் அலமாரியைக் காலி செய்யும்போது பட்டுத் துண்டுகளைப் பார்த்துவிட்டாள். "சித்தி, திஸ் இஸ் அம்மாஸ் கூறை, ரைட்?" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரும் சேர்த்துத் தைத்துப் பார்த்தோம். எது கை, எது முதுகு என்று ஒரு குறிப்பும் இல்லை. சேர்த்த இடமெல்லாம் பிரிந்து வந்தது. "இட்ஸ் நாட் ஹேப்பனிங், சித்தி" என்று அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமா உள்ளே வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவ கூறை, அவ வெட்டுனா. நெஞ்சு வலிக்குக் கத்திரி என்ன பண்ணும்? எதுக்கும்மா ஒளிக்கற? எல்லாருக்கும் எழுதிரு" என்றார். எழுதிவிட்டேன்.

ரயில் நிலையத்தில் அக்காவைத் தாங்கிப் பிடித்த முகம் தெரியாதவர்களுக்கும், பதினாறு நாளும் இந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், விமானம் பிடித்து வந்த உறவினர்களுக்கும், டிசம்பர் விருந்தில் அக்காவுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக வைத்த தையல் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் முந்தானையைப் புரட்டிப் பார்த்த ஆன்ட்டிக்கும் நன்றி. இதை எழுதும் வேகம் அவர் கொடுத்ததுதான்.

இம்மலரின் முதல் பக்கத்தில், அக்காவின் படத்துக்குக் கீழே, சின்னதாக ஓர் அரக்குப் பட்டுத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிரதியிலும் உண்டு. அக்காவின் மெஷினில் அவர் மகளும் நானும் தைத்தது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூறை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் கையில்தான் இருக்கிறது.